கிரானைட் மேடையில் பால் பொங்கிய நாள்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். தோளில் புதுத் துண்டு. அதன் மூலைகளில் தடவியிருந்த மஞ்சள் இன்னும் காயவில்லை. கையிலிருந்த பையில் உளி, சுத்தியல், கரணை, ரசமட்டம், ஒரு சட்டை, ஒரு லுங்கி. எந்த ஊரிலிருந்தும் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட முடியாத அளவுக்கு நான் எதையும் சேர்த்து வைத்ததில்லை.

எந்த பஸ்ஸில் ஏறுவது என்று முடிவு செய்திருக்கவில்லை. திருப்பூர் பஸ் முதலில் வந்தால் திருப்பூர். உக்கடம் பஸ் வந்தால் உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து பொள்ளாச்சியோ பாலக்காடோ. ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நடந்ததிலிருந்து இப்படித்தான். லாரியில் கிளீனர், பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி, கல் குவாரியில் கூலி, ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவல். ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு காலையில் விட்டுவிட்டு வந்தவன். எங்கே ஒரு தப்பு நடந்து, யாராவது என் பக்கம் திரும்பிப் பார்த்தாலும், நான் யோசிப்பதற்குள் கால் கிளம்பிவிடும்.

அன்றைக்கு நான் விட்டு வந்தது ஒரு புதுமனை புகுவிழாவை. நான் போட்ட சமையல் மேடை, அந்த வீட்டின் முதல் பால் பொங்கி வழிந்த அதே நேரத்தில், குறுக்கே வெடித்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோயம்புத்தூரில் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் சமையலறையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்பு வாசல் நிலைக்குத் தேக்கா வேங்கையா என்பதில்தான் சண்டை வரும். சமையலறை என்பது புகை படிந்த ஒரு மூலை, அவ்வளவுதான். கேஸ் வந்து அதை மாற்றியது. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும், தரையில் வைக்கக் கூடாது என்று இணைப்புக் கொடுக்க வருகிறவர் சொல்லிவிட்டுப் போவார். அடுப்பு மேலே ஏறியது. தரையில் குந்தி ஊதிக்கொண்டிருந்த பெண்களும் எழுந்து நின்றார்கள். அதற்கு ‘ஸ்டேண்டிங் கிச்சன்’ என்று பெயர் வந்தது. படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லோர் வாயிலும் அதே பெயர்தான்.

குவாரியை விட்டு வந்த பிறகு இந்த மேடை போடும் கோஷ்டி ஒன்றில் சேர்ந்திருந்தேன். ஒரு மேஸ்திரி, நான், இன்னும் இரண்டு பேர். எல்லா வகை வீட்டுக்கும் போவோம். ஆர்.எஸ்.புரத்துப் பழைய வீடுகளில், முன்பு போட்ட கடப்பாக்கல்லைப் பெயர்த்துவிட்டுக் கிரானைட் போடச் சொல்வார்கள். சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைக்கச் சொல்வார்கள். குழம்புச் சட்டி அந்த வழியாக வரும் என்பது ஏற்பாடு. போய்ப் பார்த்தால் அந்த ஜன்னலில் பூ ஜாடி ஒன்று உட்கார்ந்திருக்கும், குழம்பு வழக்கம்போலக் கதவு வழியாக வந்துகொண்டிருக்கும்.

தோட்டத்து வீடுகள் வேறு மாதிரி. வாழையும் மஞ்சளும் போடுகிற வசதியான குடும்பங்கள். அவர்கள் வீட்டுச் சமையலறையில் முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பான கல் போடுவோம். ஆனால் கறி சமைப்பது பின்னால் ஓலை வேய்ந்த சாளையில், விறகு அடுப்பில்தான். உள்ளே காபி மட்டும் வைப்பார்கள். அப்படி ஒரு வீட்டில் இரண்டு வருடம் கழித்து வேறு வேலைக்குப் போனபோது, நாங்கள் போட்ட மேடையில் ஒரு எண்ணெய்த் துளி இல்லை. “அதுல ஆக்குனா அழுக்காயிருமுங்க” என்றார் அந்த வீட்டம்மா.

குழாய்த் தண்ணீரே வராத தெருக்களிலும் ஸ்டீல் சிங்க் கேட்பார்கள். சிங்க் இருக்கும், மேலே வெள்ளிக் கம்பியாட்டம் மின்னுகிற குழாய் இருக்கும், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் இருக்கும். குடத்திலிருந்து மொண்டு சிங்க்கில் கழுவிக்கொள்வார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. ஒன்றுக்கு ஆசைப்பட்டு, பாதி கிடைத்ததும் மீதிக்கு இடம் ஒதுக்கிவைத்துக் காத்திருக்கிறவர்கள் அவர்கள். எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை.

நான் விட்டு வந்த வீடு இவற்றில் எந்த வகையிலும் சேராது. சிங்காநல்லூருக்குக் கிழக்கே, சோளக்காடாக இருந்து சைட்டாகப் பிரித்த இடத்தில், ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. கணவன் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தான். மனைவி நூல் மில்லில். இரண்டு பேருடைய பெற்றோரும் பிறர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். சொந்தமாகச் சுவர் வைத்து வீடு கட்டுவது அந்த வழியில் இவர்கள்தான் முதல்.

மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு நாற்பது வயது ஆகவில்லை. அதற்குள் முழங்கால் போயிருந்தது. மில்லில் எட்டு மணி நேரம் நூல் அறுகிற இடத்துக்கெல்லாம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தரை அடுப்பின் முன் குந்த வேண்டும். குந்தினால் எழ முடியவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, இன்னொரு கையைத் தரையில் ஊன்றி எழுவாள். “தரையில உக்காராதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க, உக்காராம எப்படிங்க சோறாக்கறது?” என்று என்னிடம் ஒருமுறை சாதாரணமாகக் கேட்டாள். அந்த வீட்டில் அவள் கேட்டு வாங்கியது மேடை ஒன்றுதான். ஹாலுக்கு மொசைக் வேண்டாம், சிமெண்டு போதும், ஜன்னலுக்குக் கண்ணாடி அப்புறம் போட்டுக்கொள்ளலாம், மேடை மட்டும் கிரானைட்டாக இருக்க வேண்டும் என்றாள். சுவரே எழும்பாத காலத்தில் நான்கு டைல்ஸ் வாங்கி, பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். நான்கையும் சேர்த்து ஒட்டினால் ஒரு பழக்கூடை வரும். திராட்சை, ஆப்பிள், நடுவில் ஒரு அன்னாசி. மில் சூப்பர்வைசர் ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது பார்த்தது என்றாள்.

மேடைக்கு உயரம் எடுக்க எங்கள் மேஸ்திரிக்கு ஒரு வழி இருந்தது. டேப்பை எடுக்கவே மாட்டார். சமைக்கப் போகிற பெண்ணை வெறும் சுவர் ஓரமாக நிற்கச் சொல்லி, கையில் ஒரு முறத்தைக் கொடுத்து அரிசி புடைக்கச் சொல்வார். நாலு தடவை புடைத்ததும் கை தானாக ஒரு உயரத்தில் நிற்கும். அங்கிருந்து ஒரு சாண் கீழே சுவரில் கரிக்கோடு போடுவார். அந்த அக்கா அன்றைக்கு வெட்கத்தோடு புடைத்தாள். வாசலில் நின்ற கணவன், “அரிசியே இல்லாம என்னத்தப் பொடைக்கற?” என்றான். “நீங்க மேஸ்திரிக்குச் சம்பளம் குடுத்தது போக மிச்சமிருக்கறதத்தானுங்” என்றாள்.

கல்லைப் போட்டது நான். மேஸ்திரி அன்று வேறு சைட்டில் இருந்தார். அடியில் கான்கிரீட் பலகை, அதன் மேல் கலவை, அதன் மேல் ஒரே நீளமாக ஏழடிக் கருப்புக் கல். கலவையை மூலை முடுக்கெல்லாம் நிரவி, தட்டித் தட்டி, எங்கேயும் அடியில் வெற்றிடம் இருப்பதைக் காட்டும் பொள்ளல் சத்தம் வராதபடி உட்கார வைத்தேன். நல்ல வேலை. இதை இங்கே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

விழா அன்று விடிகாலையிலேயே ஒறம்பரைக்காரர்கள் வந்துவிட்டார்கள். கொங்குப் பக்கம் உறவுக்காரர்களுக்கு அதுதான் பெயர். வந்தவர்களில் முதல் மரியாதை கணவனுடைய அக்காவுக்கு. தாய் செத்த பிறகு, களை வெட்டி, கடலைக்காய் பொறுக்கி, தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். கறுத்து மெலிந்து, முதுகு மட்டும் கோல் மாதிரி நேராக இருப்பாள். அவள் சொல்லாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு காரியம் நடக்காது. வேலை செய்தவர்களுக்குத் துண்டு கொடுத்து வெற்றிலை பாக்கு வைத்ததும் அவள் கையால்தான். மேஸ்திரி வந்து சேரவில்லை, அதனால் முதல் துண்டு எனக்கு விழுந்தது.

கேஸ் இணைப்பு இன்னும் வந்திருக்கவில்லை. தரையில் மூன்று செங்கல் கூட்டிப் பால் காய்ச்சிவிடலாம் என்று கணவன் சொன்னான். அக்காக்காரி ஒப்பவில்லை.

“எங்க அடுப்பு வெக்கறமோ அங்கதான் பால் பொங்கோணும். கீழ காச்சிப்போட்டு மேல போயி ஆக்குவீங்களா?”

“மேல கேஸு இல்லீங்களேக்கா.”

“கேஸு எதுக்கு? எங்கம்மா கேஸுலயா பால் காச்சுனா? மூணு செங்கல்ல தூக்கி மேல வையி. நாலு வெறகு போதும்.”

அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. அக்கினி மூலையில், அடுப்பு நிற்கப் போகிற அதே இடத்தில், கிழக்கே பார்த்து, விறகு நெருப்பில் முதல் பால் பொங்க வேண்டும். தரை அடுப்பு இருந்த காலத்தில் அதில் சிக்கல் எதுவும் இல்லை. இப்போது அடுப்பு கிரானைட் மேல் ஏறிவிட்டது, வழக்கமும் கூடவே ஏறியது. செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி என்னைப் பார்த்தாள்.

“தம்பி, கல்லு தாங்குமுங்களா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புதுத் துண்டு தோளில் இருந்தது. “ஆனை ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாதுங்க்கா” என்றேன்.

குவாரியில் நான் ஒன்றரை வருடம் இருந்தவன். அங்கே பெரிய பாறையைப் பலகையாகக் கிளப்ப என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். பாறை மேல் விறகை அடுக்கி நெருப்புப் போடுவார்கள். சூடு இறங்க இறங்க உள்ளே டப் டப்பென்று சத்தம் கேட்கும். கல் தானாக விட்டுக்கொடுக்கும். அந்த விறகை அடுக்கியவர்களில் நானும் ஒருவன். ஒரு தகரத் தட்டில் மணலைப் பரப்பி, அதன் மேல் செங்கல்லை வைத்திருந்தால் போதும். வீட்டு வாசலில் மணல் குவிந்தே கிடந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பால் ஏறியது. பெண்கள் குலவையிட்டார்கள். பொங்கி நுரைத்து கிழக்கே வழிந்தது. எல்லோரும் கை கூப்பிய நேரத்தில் விறகு முறிவது மாதிரி ஒரு சத்தம். செங்கல்லுக்கு அடியிலிருந்து சுவர் வரை, மயிரிழை மாதிரி ஒரு கோடு. வழிந்த பால் அந்தக் கோட்டுக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று.

“பாலைக் குடிச்சுப்போட்டுதே கல்லு” என்றாள் அக்காக்காரி, மெதுவாக. மனைவி பால் பாத்திரத்தைத் துணி கூட இல்லாமல் வெறுங்கையால் இறக்கினாள். நான் பின்கதவு வழியாக வெளியே வந்து பையை எடுத்துக்கொண்டேன்.

குளக்கரைப் பக்கம் வந்திருப்பேன். பின்னாலிருந்து, “ஏனுங் தம்பி, சித்தெ நில்லுங்” என்று குரல் கேட்டது.

மேடை கேட்ட அந்த அக்காதான். புதுப் பட்டுச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம், வெறுங்கால், கையில் பால் வாங்குகிற ஒரு தூக்குப் போசி. முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் வேகமாக நடந்து வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

“சாப்புடாம எங்கீங் போறீங்க?”

“பஸ்ஸுக்குங்க்கா.”

“எந்த ஊருக்கு?”

“எந்த பஸ் வருதோ அந்த ஊருக்குங்க.”

“நல்ல ஊருதான்” என்றாள். பக்கத்தில் இருந்த மைல் கல்லில் சாய்ந்து நின்றாள். “ஒறம்பரைக்குக் காபிக்குப் பாலு பத்தலைன்னு சொல்லிட்டு வந்தனுங். ரொம்ப நேரம் நிக்க முடியாது. அண்ணி மேடைய இடிச்சுப்போடச் சொல்றாங்க. மொத நாளே வாயத் தொறந்த கல்லு, ஊட்டுக்கு ஆகாதாமா. பழையபடி தரையில அடுப்புப் போட்டுக்கோணுமாமா.”

“அண்ணன் என்னங்க சொல்றாரு?”

“தலைய ஆட்டறாரு. நான் மேடை வேணும்னப்பவும் அப்படித்தான் ஆட்டுனாரு. அவுரு எதுக்குத்தான் ஆட்டுல.” அவள் காலை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டாள். “நெருப்புனாலதானுங்களே வெடிச்சுது?”

குவாரி விஷயத்தை அவளிடம் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். ஏன் அவளிடம் மட்டும் சொன்னேன் என்று தெரியவில்லை. பஸ் ஏறிவிட்டால் மறுபடி பார்க்கப் போவதில்லை என்ற தைரியமாக இருக்கலாம்.

“தெரிஞ்சேதான் தாங்கும்னீங்களா?”

“ஆமாங்க்கா.”

“எதுக்குங்?”

“எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க.”

அவள் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

“செரி. நீங்க வந்து சபையில ஒரு வார்த்த சொல்லோணும். ஆனா நெருப்புன்னு சொல்லிப்போடாதீங்க. நெருப்ப மேல வெக்கச் சொன்னது அண்ணி. அத்தன பேருக்கு முன்னால அவங்க தலை குனிஞ்சாங்கன்னா, மேடை நின்னாலும் நான் அதுல நிம்மதியாச் சோறாக்க முடியாது.”

“வேற என்னங்க சொல்றது?”

“அடியில கலவை கம்மியாப் போட்டுட்டேன்னு சொல்லுங். ஆளு செஞ்ச தப்புன்னா சகுனமில்லையே. ஒட்டுப் போட்டாப் போச்சு.”

மேடை போடுகிறவன் கலவையைக் குறைத்தேன் என்று சொல்வது, இட்லிக் கடைக்காரன் புளித்த மாவில் சுட்டேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்வது மாதிரி. அந்த வட்டாரத்தில் அப்புறம் ஒருவரும் கல் போடக் கூப்பிடமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

திருப்பூர் பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. நான் தூக்குப் போசியை வாங்கிக்கொண்டேன். வழியில் ஒரு வீட்டில் பால் வாங்கினோம். இரண்டு பேரும் திரும்பி நடந்தோம். விட்டு வந்த இடத்துக்கு நான் திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை.

நாங்கள் போனபோது முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரியும் வந்து சேர்ந்து இலையில் உட்கார்ந்திருந்தார். அக்காக்காரி சமையலறை வாசலில் நின்றாள். கணவன் சுத்தியலோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா என்று பார்க்கிற மாதிரி இருந்தது அவன் நிற்பது.

“அம்மா, இது என்ற தப்புங்க” என்றேன். “அடுப்புப் பக்கம் அடியில கலவை பத்தாமப் போட்டுட்டனுங். பொள்ளலா இருந்துது. அதான் வெடிச்சுப்போச்சு.”

அக்காக்காரி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “கேட்டப்ப ஆனை நிக்கும்னயேப்பா.”

“பயத்துல சொல்லிட்டனுங்கம்மா.”

“கலவை ஏன் கம்மியாப் போட்ட?”

“சாயங்காலம் ஆயிப்போச்சுங்க. வெசையா முடிக்கலாம்னு...”

“தின்ற சோத்துக்கு வேலை செய்யோணுமல்லொ? ஒரு பொம்பளை கால் வலியோட நின்னு சம்பாரிச்ச காசப்பா இது.” குரல் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் முகம் தளர்ந்துவிட்டது. அதுவரை அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, பயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தான் வளர்த்த தம்பியின் வீட்டுக்கு என்ன வரப்போகிறதோ என்ற பயம். திட்டுவதற்கு ஒரு மனிதன் கிடைத்ததும் அது போயிற்று. இன்னும் நன்றாகத் திட்டினாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஓடாமல் நின்று திட்டு வாங்குவது நான் நினைத்திருந்ததைவிட எளிதாக இருந்தது.

பந்தியில் இருந்த ஒரு கிழவர் இலையிலிருந்து தலை தூக்கி, “மிச்சம் புடிச்ச கலவையில அவன் ஒரு ஊடு கட்டிக்கிட்டானாட்ட இருக்குது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. படுக்கப் பாய் கூட இல்லாதவன் நான்.

கணவன் சுத்தியலைக் கீழே வைத்தான். “அப்ப இடிக்க வேண்டாமுங்களாக்கா?” என்றான்.

“எதுக்கு இடிக்கறே? வேலை தெரியாதவன் செஞ்சதுக்குக் கல்லு என்ன பண்ணும்? ஒட்டச் சொல்லு.”

மனைவி பாலைக் காபிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

செய்யாத தப்பை ஒப்புக்கொண்டேன். செய்த தப்பைப் பற்றி அந்த வீட்டில் வாய் திறக்கவில்லை. இரண்டும் சேர்ந்து ஈடாகிவிட்டதா என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கணக்கு வராது.

மேஸ்திரி கை கழுவிவிட்டு உள்ளே வந்தார். கறுத்துப் போயிருந்த கல்லைப் பார்த்தார். ஓரமாகக் கிடந்த, கரி படிந்த மூன்று செங்கல்லைப் பார்த்தார். வாசலில் நின்ற அக்காக்காரியைப் பார்த்தார். முப்பது வருடம் கல்லோடு இருந்தவர். “நாளையிலிருந்து வர வேண்டாம், வேற எடம் பாத்துக்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். புரிந்தாலும் அத்தனை பேர் முன்னால் அவர் அதைத்தான் சொல்லியிருக்க முடியும். அவருக்குத் தொழில் இருந்தது.

நான் சாப்பிட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். பசையில் கரித்தூளைக் குழைத்து, விரிசலில் ஒரு பழைய பிளேடால் இழுத்து இழுத்து நிரப்பினேன். காய்ந்ததும் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தேன். கோடு முழுக்க மறையவில்லை. தெரிந்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு வந்தது. மேலே அடுப்பு உட்கார்ந்துவிட்டால் அதுவும் இல்லை.

மத்தியானத்துக்குள் ஒறம்பரை பாதி கலைந்துவிட்டது. மிச்சம் இருந்தவர்களுக்கு ரசமும் ஒரு பொரியலும் வேண்டியிருந்தது. மனைவி மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கி, மேடையின் மறு ஓரத்தில் வைத்துப் பற்றவைத்தாள். பழக்கூடை டைல்ஸுக்கு நேர் கீழே. முதுகு வளையாமல் நின்றாள். கை சரியான உயரத்தில் இருந்தது. ரசம் கொதிக்கும்போது ஒரு காலின் பாரத்தை இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். சுவரில் கை ஊன்றவில்லை. அக்காக்காரி பக்கத்தில் நின்று, அரிந்த பீன்ஸை மேடையில் கொட்டினாள். கல்லின் சில்லிப்பைக் கையால் தடவிப் பார்த்தாள். அந்த அன்னாசியைக் காட்டி, “இது என்ன, தாழம்பூவா?” என்று கேட்டாள்.

“அன்னாசிப் பழமுங்க அண்ணி.”

“தின்னிருக்கறயா?”

“இல்லீங்.”

“தின்னாததப் படத்துல மாட்டி வெச்சிருக்கற” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் சாமான்களைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அக்காக்காரி பின்வாசலுக்கு வந்தாள். காலையில் ‘நீ’ போட்டுத் திட்டியவள் இப்போது ‘ங்க’ போட்டாள்.

“தம்பி, நாளைக்கு எங்கீங்க வேலை?”

“வேலை இல்லீங்கம்மா.”

“சூலூர்ப் பக்கம் எங்க ஊட்டுல ஒரு மேடை கட்டோணும்.”

உள்ளிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். “உங்களுக்கும் ஸ்டேண்டிங் கிச்சனுங்களா அண்ணி?”

“ஆமா, உன்ற ஊட்டுக் கூத்தெல்லாம் எனக்கு எதுக்கு? பையன் கரண்டு கிரைண்டரு வாங்கிப் போட்டிருக்கறான். மண் தரையில நிக்க மாட்டேங்குது, ஊரெல்லாம் சுத்துது. அதை உக்கார வெக்க ஒரு திட்டு.” என் பக்கம் திரும்பினாள். “நான் உக்காந்து மாவு வழிக்கற ஒசரம் போதும். வழவழக் கல்லெல்லாம் வேண்டாம். செவப்புச் சிமெண்டு பூசிக் குடுத்துப்போடுங்க.”

“வேற நல்ல ஆளே கிடைக்கலீங்களா அண்ணி?” என்றாள் தம்பி மனைவி. முகத்தில் ஒன்றும் இல்லை.

“எங்கூர்க் கொத்தனாரு செவரே சாஞ்சாலும் பூமி சரியில்லைம்பான். இந்தத் தம்பி ஒத்துக்கிச்சு. அது போதும். ஆனா ஒண்ணு, கலவை போடறப்ப நான் பக்கத்துலயே நிப்பேன்.”

அன்று இரவு அந்தப் புது வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் அக்காக்காரியோடு சூலூர்ப் பக்கம் போனேன். பஸ்ஸில் இறங்கி ஒரு மைல் நடந்தால் அவள் வீடு. சமையலறை மூலையில் இரண்டடிக்கு இரண்டடி இடம், முக்கால் முழ உயரம், கழுவுகிற தண்ணீர் வெளியே போக ஒரு சின்ன ஓடை. அரை நாள் வேலை. செங்கல்லை நனைத்து, கலவையைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் ஒரு பலகையை இழுத்துப் போட்டு, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் முதல் கரணை கலவையை வைத்தேன். “இன்னுங் கொஞ்சம் போடுங்க தம்பி” என்றாள். போட்டேன். “அந்த மூலைக்கு?” என்றாள். அந்த மூலைக்கும் போட்டேன்.